ஓட்டோ கியரா, மனுவலா? ஒரே 'டி' எழுத்துக்குப் பின்னால் இருப்பவை

வன்னியில் ஒருவர் கார் வாங்கப் போகிறார் என்றால் அயலில் கேட்கப்படும் முதற்கேள்வி, "ஓட்டோவா, மனுவலா?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது பாதிக் கேள்வி. மனுவல் கியர் ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் ஒரே அமைப்புத்தான். பழைய ஆல்டோவில் பழகியவர் புதிய காரிலும் அரைமணி நேரத்தில் கைபழகிவிடுவார். ஓட்டோ கியர் அப்படியல்ல. நெம்புகோலில் எல்லாவற்றுக்கும் 'டி' என்ற ஒரே எழுத்து; உள்ளே இருப்பவையோ ஒன்றுக்கொன்று உறவில்லாத நான்கைந்து வகை இயந்திரங்கள். எந்த ஓட்டோ என்று தெரியாமல் வாங்குகிறவர் பிறகு கராஜ் வாசலில் நின்று யோசிக்க வேண்டிவரும்.

அதற்கு முன், கியர் என்ற ஒன்று ஏன் வேண்டும்?

எஞ்சினுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. நின்ற நிலையிலிருந்து அதனால் எதையும் இழுக்க முடியாது. ஸ்டார்ட் செய்துவிட்டுச் சும்மா விட்டாலே நிமிடத்துக்கு 700 முதல் 900 தடவை வரை சுற்றிக்கொண்டிருக்கும். அதைவிட மிகவும் குறைந்தால் உதறி அணைந்துவிடும். 6,000, 7,000 என்று ஏறினால் தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளும். சக்கரமோ பூச்சியத்திலிருந்து புறப்பட வேண்டியது.

கணக்காகவே பார்த்துவிடலாம். சிறிய காரின் சக்கரம் ஒருமுறை சுழன்றால் கார் சுமார் 1.8 மீற்றர் நகரும். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது நிமிடத்துக்கு 1,000 மீற்றர். அதற்குச் சக்கரம் நிமிடத்துக்கு 550 தடவை அளவில் சுழல வேண்டும். முதலாம் கியரில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் ஏறத்தாழ 14 சுற்றுச் சுற்றும். 550ஐ 14ஆல் பெருக்குங்கள்: 7,700. எஞ்சின் கதறிவிடும். ஐந்தாம் கியரில் ஒரு சுற்றுக்கு மூன்றே சொச்சம்தான். அதே வேகத்தில் எஞ்சின் 1,800 அளவில் ஆறுதலாக ஓடும். இப்போது மறுபக்கம்: மணிக்கு 10 கிலோமீற்றரில் ஊர்ந்து போகும்போது ஐந்தாம் கியரைப் போட்டால் எஞ்சினுக்குக் கிடைப்பது 300 சுற்று அளவுதான். அணைந்துவிடும். முதலாம் கியரில் அதே ஊர்தலுக்கு 1,300 சுற்றுக் கிடைக்கும். சக்கரத்தை எவ்வளவு மெதுவாகச் சுழற்றுகிறோமோ அந்த அளவுக்கு இழுவையும் பெருகும் என்பது இதன் இன்னொரு பக்கம்.

வயலில் உழவு இயந்திரம் ஓட்டியவருக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. சேற்றில் இறங்கும்போது தாழ்ந்த கியர். நெல் மூட்டைகளை ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு வீதியில் ஏறி ஓட்டம் பிடித்ததும் உயர்ந்த கியர். காரிலும் நடப்பது இதுதான். இந்த மாற்றத்தை நம் கையும் காலும் செய்தால் மனுவல், கார் தானே செய்துகொண்டால் ஓட்டோ.

மனுவலில் ஒரு சிக்கல் இருக்கிறது. எஞ்சின் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்க, நடுவில் பற்சில்லை மாற்ற வேண்டும். ஆகவே எஞ்சினையும் கியர் பெட்டியையும் கணநேரம் பிரித்துவைக்க ஒரு வழி தேவை. அதுதான் கிளச். எஞ்சினோடு சேர்ந்து பாரமான ஒரு வட்டத் தகடு சுற்றுகிறது. அதன்மீது உராய்வுப் பூச்சுள்ள கிளச் பிளேட்டை வலுவான வில் அழுத்திப் பிடித்திருக்கிறது. மிதியை மிதித்தால் அழுத்தம் விலகும், பிளேட் விடுபடும். விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கிளச்சை மிதிப்பதில் எந்த வித்தையும் இல்லை, எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் மிதிக்கலாம். வித்தையெல்லாம் அதை விடுவதில் இருக்கிறது.

ஆள் நடமாட்டமில்லாத ஒரு கிரவல் வீதியில், சமதரையில் இதைப் பழகுங்கள். வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். கிளச்சை முழுதாக மிதித்து முதலாம் கியரைப் போடுங்கள். பிரேக்கை விட்டு, அக்சிலேட்டரைத் தொடாமல், இடது குதியை நிலத்தில் ஊன்றியபடி கிளச்சை நூல் நூலாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சினின் ஒலி சற்றுத் தாழும். பொனெற் ஒரு விரற்கடை எழும்புவதுபோல இருக்கும். ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம் கைக்கு வரும். பிளேட் பிடிக்கத் தொடங்கிய இடம் அது. அங்கேயே காலை நிறுத்துங்கள். கற்றுக்கொள்கிறவர்கள் அநேகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான்: பிடித்ததும் பயந்து காலை எடுத்துவிடுவார்கள், கார் ஒரு துள்ளுத் துள்ளி அணைந்துவிடும். காலை அசைக்காமல் இரண்டு மூன்று விநாடி பொறுத்தால் கார் தானாக ஊரத் தொடங்கும். ஊர்ந்தபின் மிச்சத்தை விடலாம். அக்சிலேட்டர் இல்லாமலே இப்படிப் பலமுறை புறப்பட்டு நிறுத்திப் பழகியவருக்கு மனுவலின் கடினமான பகுதி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

மற்றதெல்லாம் பழக்கம். நகர்ந்தவுடன் இரண்டு, 30இல் மூன்று, 45 அளவில் நான்கு, 60ஐத் தாண்டினால் ஐந்து என்று உத்தேசமாக வைத்துக்கொள்ளுங்கள். சில நாட்களில் எண்ணைப் பார்க்காமல் எஞ்சினின் குரலைக் கேட்டே மாற்றத் தொடங்கிவிடுவீர்கள். மழைக்காலத்து இரவில் ஏ9 வீதியில் மாடுகள் தார்ச்சூட்டுக்காக நடுவீதியில் படுத்திருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒன்று திடீரென்று கண்ணில் பட்டால் முதலில் பிரேக். கார் நிற்கப்போகும் தறுவாயில்தான் கிளச். பதற்றத்தில் கிளச்சை முதலில் மிதித்தால், வேகத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த எஞ்சினை நாமே கழற்றிவிட்டதாகிவிடும்.

வன்னி மேடுபள்ளம் குறைந்த சமதரை. மேட்டில் நிறுத்திப் புறப்படும் பயிற்சிக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. குளக்கட்டுக்கு ஏறும் பாதைகளும் புகையிரதக் கடவைகளும்தான் உண்டு. அவற்றிலாவது பழகிக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, கிளச் பிடிக்கும் இடம்வரை விட்டு, அக்சிலேட்டரைச் சற்றுக் கொடுத்து, கார் முன்னே போக உந்துவது தெரிந்தபின் ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். ஏ9 வீதியின் மறுமுனை கண்டி என்பதை மறக்கக்கூடாது. கிளிநொச்சியில் மட்டும் ஓட்டிப் பழகியவர் அங்கே முதல் ஏற்றத்திலேயே, பின்னால் பஸ் ஒட்டி நிற்க, வியர்த்துப் போவார்.

பாதிக் கிளச்சில் காரைத் தாங்கி நிற்பது பிளேட்டைத் தின்றுவிடும். ஒரு நேரத்தில் ஒரு வாகனமே போகக்கூடிய பழைய வட்டுவாகல் பாலம் போன்ற இடத்தில் எதிர்ப்பக்கத்து வாகனங்களுக்காகக் காத்திருக்கும்போது கியரை எடுத்துவிட்டுக் காலைக் கிளச்சிலிருந்து அகற்றிவிடுங்கள். ஓடும்போதும் இடது காலுக்கு இடம் கிளச் மிதியின் மேல் அல்ல, அதன் பக்கத்தில்.

இனி ஓட்டோ.

முதல் வகை, பழைய வகை. கொரோலா 121 போன்ற ஜப்பான் கார்களில் இருப்பது. இதில் கிளச் மிதிக்குப் பதிலாக எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ஒயில் நிறைந்த ஒரு கலம் இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால் அதன் காற்றில் மற்றதும் மெதுவாகச் சுற்றத் தொடங்கும். இங்கே காற்றின் இடத்தில் ஒயில். ஒரு பக்கத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் மறுபக்கம் தடையின்றிச் சுற்றும், எதுவும் உடையாது. அதனால்தான் 'டி'யில் போட்டுப் பிரேக்கைப் பிடித்தபடி நின்றாலும் எஞ்சின் அணைவதில்லை. பிரேக்கை விட்டவுடன் கார் தானாக ஊர்வதும் இதனால்தான். இந்த அமைப்பின் மூலத்துக்கு ஜெர்மானியப் பொறியியலாளர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்றார். அவர் மனதில் இருந்தது கார் அல்ல, கப்பல். பெருமளவில் விற்பனையான முதல் முழு ஓட்டோ கியரை 1939இல், தனது 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக, ஜெனரல் மோட்டோர்ஸ் வெளியிட்டது. ஒயில் கலத்துக்குப் பின்னால் உள்ள பற்சில்லுகளை ஒயில் அழுத்தம் பிடித்தும் விட்டும் கியரை மாற்றுகிறது. சற்றுப் பெற்றோல் குடிக்கும், ஆனால் உறுதியானது. ஒயிலை ஒழுங்காக மாற்றிவந்த ஒன்று கிடைத்தால் வாங்கப் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது வகை சீ.வி.ரி. வேகன் ஆர், விட்ஸ் என்று இங்கே அதிகம் கண்ணில் படுபவற்றில் பெரும்பாலும் இதுதான். வீட்டில் ஸ்கூட்டர் நின்றால் இது உங்களுக்குப் புதிதல்ல. ஸ்கூட்டரில் இருப்பதும் இதுவே. இரண்டு கப்பிகள், நடுவே ஒரு பட்டி. கப்பியின் இரு பாதிகளும் நெருங்கினால் பட்டி வெளிவிளிம்புக்கு ஏறும், விலகினால் உள்ளே இறங்கும். இப்படி ஒன்று ஏற மற்றது இறங்க, கியர் விகிதம் படிப்படியாக அல்லாமல் வழுக்கிக்கொண்டே மாறுகிறது. முதலாம், இரண்டாம் கியர் என்ற எண்ணே இல்லை. ஸ்கூட்டரில் இறப்பர்ப் பட்டி. காரில் உருக்குத் துண்டுகளைக் கோத்த பட்டி. ஒல்லாந்தின் டஃப் நிறுவனம் 1958இலேயே இறப்பர்ப் பட்டியுடன் ஒரு காரைக் காட்டிவிட்டது.

சீ.வி.ரி.யில் ஏறுகிறவருக்கு ஒரு விநோதம் தோன்றும். அக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் ஒரே குரலில் உறுமிக்கொண்டு நிற்கும், கார் மட்டும் மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும். மனுவலில் பழகிய காது, கிளச் வழுக்குகிறது என்று நினைத்துவிடும். பழுது எதுவும் இல்லை. அதன் சுபாவமே அது. மாங்குளத்தில் புறப்பட்டு முறிகண்டிக்கு முன்னால் ஒரு லொறியை முந்த நினைத்தால் சட்டென்ற பாய்ச்சலை இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். காலை அழுத்திய பிறகு ஒரு மூச்சு நேரம் கொடுக்க வேண்டும். அந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்துத்தான் முந்தலாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் கார்களான அக்குவா, பிரியஸ் ஆகியவற்றையும் பலர் சீ.வி.ரி. என்றே அழைக்கிறார்கள். அவற்றில் பட்டியும் இல்லை, கிளச்சும் இல்லை. ஒரு பற்சில்லுத் தொகுதியில் எஞ்சினும் இரண்டு மின்மோட்டார்களும் இணைந்திருக்கின்றன. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விகிதம் மாற்றப்படுகிறது. 1997இல் முதல் பிரியஸுடன் வந்த இந்த ஏற்பாடு, என் கணிப்பில், ஓட்டோக்களிலேயே தேயும் பாகங்கள் மிகக் குறைந்தது. கவலை கியர் பெட்டியைப் பற்றியதல்ல, பெரிய பற்றரியைப் பற்றியது. 2022இல் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பெற்றோல் பங்கிடப்பட்டபோது, ஹைபிரிட்டின் அருமை அதை வைத்திராதவர்களுக்கும் புரிந்தது.

சுசுகி எவ்ரி வான் சிலவற்றில் வரும் ஏ.ஜி.எஸ். என்பது உண்மையில் மனுவல் கியர் பெட்டிதான். கிளச்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் ஓர் இயந்திரக் கையைப் பொருத்தியிருக்கிறார்கள். மாறும்போது தலை முன்னே ஆடும், ஏற்றத்தில் சற்றுப் பின்னே உருளக்கூடும். ஆனால் உள்ளே உள்ளது பழக்கமான கிளச் பிளேட். ஹொண்டா வெசல் ஹைபிரிட்டின் முதல் தலைமுறையில் வருவது இரட்டைக் கிளச்: ஒரு கிளச் ஒற்றை எண் கியர்களுக்கு, மற்றது இரட்டை எண் கியர்களுக்கு. மாற்றம் மிக விரைவு. ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் அந்தக் கிளச்சுகள் சூடாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மின்சாரக் காருக்கு இந்தக் கதை எதுவும் கிடையாது. மின்மோட்டார் பூச்சியத்திலிருந்தே இழுக்கும் என்பதால் மாற்றுவதற்குக் கியரே இல்லை.

ஓட்டுவதற்கு ஓட்டோ எளிது, சந்தேகமில்லை. ஆனால் அந்த எளிமைக்குள் ஓர் ஆபத்து இருக்கிறது: இரண்டே மிதிகள், இரண்டுக்கும் வலது கால் ஒன்றே. பிரேக் என்று நினைத்து அக்சிலேட்டரை அழுத்தினால் மனுவலில் அநேகமாகக் கிளச் மிதிபட்டிருக்கும், எஞ்சின் வெறுமனே இரையும். ஓட்டோவில் கார் மதிலுக்குள் போய்விடும். மனுவலிலிருந்து மாறுகிறவருக்கு வேறொரு கண்டம். பழக்க தோஷத்தில் இடது கால் கிளச்சைத் தேடும், அகன்ற பிரேக் மிதி அகப்படும், கிளச்சுக்குரிய வேகத்தோடு அதை உதைக்கும். பின்னால் வருபவர் வந்து மோதுவார். முதல் நாட்களில் இடது காலை ஆசனத்தின் பக்கமாக நன்றாகப் பின்னே இழுத்து வைத்துக்கொள்வதுதான் வழி.

நெம்புகோலில் 'பி' நிறுத்திவைக்க, 'ஆர்' பின்னே போக, 'என்' எந்தப் பிணைப்பும் இல்லாத நிலை, 'டி' முன்னே போக. ஸ்டார்ட் செய்வது 'பி'யில், பிரேக்கை மிதித்தபடி. 'ஆர்', 'டி' இரண்டுக்கும் இடையே மாற்றும்போது கார் முழுதாக நின்றிருக்க வேண்டும். சரிவில் நிறுத்தினால் முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு 'பி'; இல்லையென்றால் காரின் பாரம் முழுவதையும் கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய உருக்குக் கொக்கி தாங்க நேரும். 'எல்', 'எஸ்' அல்லது 'பி' (ஹைபிரிட்டில் 'டி'க்கு அடுத்து வரும் இந்தப் 'பி' ஆங்கில B, நிறுத்தும் 'பி' ஆங்கில P) நீண்ட இறக்கத்துக்கு உரியவை. கண்டிப் பக்கம் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். பெற்றோல் மிச்சம் என்று எண்ணி இறக்கத்தில் 'என்'னில் உருளவிடுவது மிச்சமும் அல்ல, புத்தியும் அல்ல.

விடுமுறைக்கு வரும் உறவினருக்கு இடையில் ஒரு வார்த்தை. பிரான்சிலும் சுவிஸிலும் வலது கையால் கியர் மாற்றியவர்களுக்கு இங்கே இடது கை. மிதிகளின் வரிசை மட்டும் எங்கும் ஒன்றே. ஜப்பான் கார்களில் சிக்னல் தண்டு வலப்பக்கம் இருப்பதால், திரும்பும் சந்தியில் சிக்னலுக்குப் பதிலாக வெயில் நேரத்தில் வைப்பர் ஆடும். அதைப் பார்த்தே ஊர்ச் சனம் ஆளை அடையாளம் கண்டுவிடும்.

எதில் பழகுவது? என் பதில் மனுவல். ஆனால் அதற்குக் காரணம் கௌரவம் அல்ல. ஓட்டோ ஓட்டுகிறவர் அரைச் சாரதி என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. வன்னியில் சோறு போடும் வாகனங்களைப் பாருங்கள்: பட்டா, கன்ரர் லொறிகள், ஹயஸ் வான், உழவு இயந்திரம், முச்சக்கர வண்டி. பெரும்பாலும் எல்லாம் மனுவல். அவசரத்துக்கு அயல்வீட்டு வானில் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டி வந்தாலும் அதிலும் கிளச்தான் இருக்கும். சாரதிப் பயிற்சிக்குப் பணம் கட்டும்போதே, பரீட்சைக்கு எந்த வகை வாகனம், கிடைக்கும் அனுமதிப்பத்திரம் இரண்டுக்கும் செல்லுமா என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். முழங்கால் வருத்தம் உள்ளவர், வயது சென்றவர், வீட்டுக்கும் பாடசாலைக்கும் மட்டும் ஓட்டப்போகிறவர் ஆகியோர் தயங்காமல் ஓட்டோவிலேயே பழகலாம்.

வாங்குவது வேறு கதை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே கைமாறும் ஓட்டோ கார்களில் பல வயதேறியவை. சீ.வி.ரி.க்கு அதற்கென்றே உரிய ஒயில் வேண்டும். சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை அதில் ஊற்றினால் பட்டி வழுக்கி அழியும். விற்பவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, கியர் ஒயில் எப்போது, எந்த ஒயிலாக மாற்றப்பட்டது என்பதே. பில் இல்லையென்றால் விலையில் அதற்கு இடம் வையுங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். பிரேக்கைப் பிடித்தபடி 'டி', 'ஆர்' என்று மாற்றினால் ஒரு விநாடிக்குள் மெல்லிய பிடிப்புத் தெரிய வேண்டும். நீண்ட தாமதமோ 'தடக்' என்ற அடியோ ஆகாது. பிறகு மணிக்கு 20, 30இல் மெதுவாக வேகம் கூட்டுங்கள். மணல் வீதியில் போவதுபோல உடல் அதிர்ந்தால் விலகிவிடுங்கள். மனுவல் காருக்கு இதைவிட எளிய சோதனை உண்டு: நாலாம் கியரில் 40இல் போகும்போது அக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். எஞ்சின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் பிளேட் முடிந்துவிட்டது. அதை மாற்ற வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கை தேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். சீ.வி.ரி.யைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவரை முதலில் தேடிவைத்துக்கொண்டு காரை வாங்குவது நல்லது.

கடைசியாக, ஒட்டுசுட்டான் காட்டு வழியில் பற்றரி இறங்கி நின்றுவிட்டால்? மனுவலென்றால் சாவியை ஒன் நிலையில் வைத்து, கிளச்சை மிதித்து, இரண்டாம் கியரைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரைத் தள்ளச் சொல்லுங்கள். ஓட்டம் பிடித்ததும் கிளச்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஓட்டோவில் எவ்வளவு தள்ளினாலும் நடக்காது: கியரைப் பிடிக்கவைக்கும் ஒயில் அழுத்தமே எஞ்சின் ஓடினால்தான் வரும். ஆகவே ஓட்டோ வைத்திருப்பவரின் டிக்கியில் பற்றரிக் கேபிள் ஒரு சோடி எப்போதும் கிடக்க வேண்டும். கயிறு கட்டி உழவு இயந்திரத்தால் இழுத்துவரும் நம்மூர் வழக்கமும் ஓட்டோவுக்கு ஆகாது. சக்கரம் சுழலச் சுழல, ஒயில் ஓடாத கியர் பெட்டி உள்ளே காய்ந்து தேயும். முன்சக்கரத்தால் இழுபடும் கார் என்றால் முன்சக்கரங்களைத் தூக்கியபடியோ, காரையே லொறியில் ஏற்றியோதான் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும்.